எஞ்சினுக்குள் எட்டு ஜோடிகள்

2009-ஆம் ஆண்டு வைகாசி மாதம். நான் இளம் அறிவியல் வகுப்பில் இயற்பியல் படித்துக்கொண்டிருந்தேன். கும்பகோணத்தை அடுத்த எங்கள் ஊரில் என் சித்தப்பா பழைய பெட்ரோல் அம்பாசடர் கார் ஒன்றை வாடகைக்கு ஓட்டி வந்தார். முகூர்த்த நாட்களில் அந்தக் காருக்கு ஓய்வே கிடையாது. அந்த ஆண்டு முகூர்த்தங்கள் நெருங்கிய நேரத்தில் எஞ்சினின் இழுவை குறைந்தது. எஞ்சினின் தலைப்பகுதியிலிருந்து 'டக், டக்' என்ற ஓசையும் கேட்கத் தொடங்கிற்று. பட்டறையில் பிரித்துப் பார்த்து, கேம் ஷாஃப்டில் ஒரு மேடு தேய்ந்துவிட்டது என்றார்கள். புதிய கேம் ஷாஃப்ட் வாங்கிப் பொருத்தினார்கள்.

கார் இரண்டு வாரம் நன்றாக ஓடிற்று. பிறகு அதே ஓசை மீண்டும் வந்தது. மறுபடியும் பிரித்தபோது, புதிய கேம் ஷாஃப்டில் இரண்டு மேடுகள் பழையதைக் காட்டிலும் மோசமாக அரைபட்டிருந்தன. "போலிச் சரக்கு, அண்ணே. கடைக்காரன் ஏமாற்றிவிட்டான்" என்றார் பட்டறைக்காரர். சித்தப்பா நம்பினார். இரண்டாவது கேம் ஷாஃப்டுக்காகச் சித்தியின் வளையல்கள் அடகுக் கடைக்குப் போயின.

இந்த முறை வேலையை ஏற்றுக்கொண்டவர் வேறொரு முதிய மெக்கானிக். அவர் கேம் ஷாஃப்டைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "டாப்பெட் எட்டும் புதுசா போட்டாங்களா, பழசையே போட்டாங்களா தம்பி?" என்று சித்தப்பாவைக் கேட்டார். பழையவற்றையேதான் போட்டிருந்தார்கள். அதுவும் எட்டையும் ஒரே டப்பாவில் போட்டு, மண்ணெண்ணெயில் கழுவி, கைக்கு வந்த வரிசையில் திரும்ப வைத்திருந்தார்கள். "அப்படியானால் சரக்கைக் குறை சொல்லாதே. சேர்த்த விதம்தான் தப்பு" என்றார் பெரியவர்.

அவர் சொன்னது எவ்வளவு சரியானது என்பது பின்னர் இயற்பியலை ஆழ்ந்து படித்தபோதுதான் எனக்கு விளங்கிற்று. கேம் ஷாஃப்டை மாற்றியபின் டாப்பெட், புஷ் ராடு, ராக்கர் ஆர்ம் ஆகியவற்றைத் திரும்பப் பொருத்துவது வெறும் திருகாணி முடுக்கும் வேலையன்று. நெம்புகோல், வெப்ப விரிவு, உராய்வு, நிலைமம் என நாம் வகுப்பில் படிக்கும் பாடங்கள் பலவும் அங்கே ஒருங்கே நடைபெறுகின்றன. அவற்றை ஒவ்வொன்றாகக் காண்போம்.

மேட்டிலிருந்து வால்வு வரை

அம்பாசடர் காரின் உற்பத்தி 2014-ஆம் ஆண்டோடு நின்றுவிட்டது. எனினும் அதன் 1489 கன செ.மீ. பெட்ரோல் எஞ்சின் நம் பாடத்திற்கு மிகவும் ஏற்றது. அதில் ஒவ்வோர் உறுப்பும் தனித்தனியே கண்ணுக்குத் தெரியும். இங்கிலாந்தின் பி.எம்.சி. நிறுவனம் வடிவமைத்த இவ்வெஞ்சின் 1959-ஆம் ஆண்டிலிருந்து அம்பாசடரில் இடம்பெற்றது. நான்கு சிலிண்டர்கள், ஒவ்வொன்றுக்கும் காற்று-பெட்ரோல் கலவையை உள்ளிழுக்கும் வால்வு ஒன்று, எரிந்த புகையை வெளியேற்றும் வால்வு ஒன்று, ஆக எட்டு வால்வுகள்.

வால்வுகள் எஞ்சினின் தலையில் இருக்கின்றன. அவற்றைத் திறக்கக் கட்டளையிடும் கேம் ஷாஃப்டோ கீழே, எஞ்சினின் உடலுக்குள் சுழல்கிறது. அதில் முட்டை வடிவில் எட்டு மேடுகள் உண்டு. ஒவ்வொரு மேட்டின்மீதும் கிண்ணம் போன்ற ஒரு டாப்பெட் அமர்ந்திருக்கும். டாப்பெட்டுக்குள் ஒரு புஷ் ராடு நிற்கும். புஷ் ராடின் மேல்முனை ராக்கர் ஆர்மின் ஒரு கையைத் தூக்க, மறு கை தாழ்ந்து வால்வை அழுத்தித் திறக்கும். மேடு கடந்து சென்றதும் ஸ்பிரிங் வால்வை இழுத்து மூடிவிடும். கிணற்றடி ஏற்றம் போலவே இதுவும் ஒரு முதல் வகை நெம்புகோல்.

இந்த நெம்புகோலின் இரு கைகளும் சம நீளமுடையவை அல்ல. வால்வுப் பக்கக் கை புஷ் ராடு பக்கத்தைப் போல் சுமார் 1.4 மடங்கு நீளமானது. ஆகவே டாப்பெட் 5 மி.மீ. உயர்ந்தால் வால்வு 7 மி.மீ. திறக்கும். ஆனால் நெம்புகோல் எதையும் இலவசமாகத் தருவதில்லை. வால்வு ஸ்பிரிங்கின் விசை 50 கிலோகிராம் எடை என்று கொண்டால், கேம் மேட்டின்மீது விழும் சுமை 70 கிலோகிராம் எடை ஆகிவிடும். இந்த 70 என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சற்று நேரத்தில் தேவைப்படும்.

எஞ்சின் நிமிடத்திற்கு 3000 சுற்று ஓடும்போது கேம் ஷாஃப்ட் அதில் பாதியாக 1500 சுற்று சுழலும். அதாவது ஒவ்வொரு வால்வும் வினாடிக்கு 25 முறை திறந்து மூடுகிறது. ஒரு மணி நேரப் பயணத்தில் 90,000 முறை! சிறு பிழையும் இத்தனை முறை பெருக்கப்படும் என்பதால்தான் இவ்வேலையில் அத்துணை கவனம் வேண்டியிருக்கிறது.

கழற்றும்போதே தொடங்கும் வேலை

ஒழுங்காகத் திரும்பப் பொருத்துவது ஒழுங்காகக் கழற்றுவதில் தொடங்குகிறது. முதிய மெக்கானிக் முதலில் தேடியது ஸ்பேனரை அன்று. சுவரில் கிடந்த ஒரு பழைய தினக் காலண்டர் அட்டையை. அதில் ஆணியால் எட்டுத் துளைகள் போட்டு 1 முதல் 8 வரை எண்ணிட்டார். கழற்றிய புஷ் ராடு ஒவ்வொன்றையும் அதனதன் எண்ணுள்ள துளையில் குத்தி நிறுத்தினார். புஷ் ராடின் முனைகள் அவை தொடும் குழிகளோடு பல்லாயிரம் கிலோமீட்டர் தேய்ந்து ஒன்றுக்கொன்று படிந்துபோனவை. அந்தப் படிவைக் கலைக்கக்கூடாது.

புஷ் ராடை வெடுக்கென்று மேலே இழுப்பதும் கூடாது. அதன் அடிமுனைக்கும் டாப்பெட்டுக்கும் இடையே உள்ள எண்ணெய்ப் படலம் இரண்டையும் ஒட்டிப் பிடித்திருக்கும். இழுத்தால் டாப்பெட்டும் கூடவே எழும்பி, சாய்ந்து சிக்கிக்கொள்ளலாம். விரல்களால் புஷ் ராடை இப்படியும் அப்படியும் திருப்பினால் படலம் அறுந்து பிடி விடும்.

இந்த எஞ்சினில் இன்னொரு கண்ணி உண்டு. ராக்கர்கள் கோக்கப்பட்ட தண்டை நான்கு தாங்கிகள் பிடித்திருக்கின்றன. அவற்றை இறுக்கும் நட்டுகளில் நான்கு, எஞ்சினின் தலையையும் சேர்த்தே பிடிப்பவை. தலைக்கென்று வெளியே தனியாக ஏழு நட்டுகள் உள்ளன. உள்ளே உள்ள நான்கை மட்டும் தளர்த்திவிட்டு ஏழையும் இறுக்கமாக விட்டுவைத்தால் தலை ஒருபக்க இழுப்பால் கோணிப்போகும். குளிர்விக்கும் நீர் கேஸ்கெட் வழியே சிலிண்டருக்குள் கசியும். எனவே முதலில் ரேடியேட்டர் நீரை வடிக்கவேண்டும். பின்பு பதினொரு நட்டுகளையும் சிறிது சிறிதாக, மாற்றி மாற்றித் தளர்த்தவேண்டும். ராக்கர் தண்டை எடுப்பது சின்ன வேலை என்று நினைத்து இதைத் தவறவிட்டுப் பின்னர் எண்ணெயில் நீர் கலந்து அவதிப்பட்டவர் பலர்.

ஜோடி ஏன் மாறக்கூடாது?

இனி முக்கியமான கேள்விக்கு வருவோம். பழைய டாப்பெட்டைப் புதிய கேமின்மீது வைத்தால் என்ன? பார்வைக்கு எட்டும் ஒன்றுபோலத்தானே இருக்கின்றன?

கேம் மேட்டின் மூக்கு வளைவானது. டாப்பெட்டின் அடி ஏறத்தாழத் தட்டையானது. வளைவும் தட்டையும் சந்தித்தால் அவை தொடுவது ஒரு கோட்டில்தான். கோட்டிற்குப் பரப்பு ஏது? பரப்பு இல்லையென்றால் அழுத்தம் எல்லையற்றதாகிவிடாதா? உண்மையில் எஃகும் சற்றே நசுங்குகிறது. கோடு ஒரு மெல்லிய பட்டையாக அகல்கிறது. அந்தப் பட்டை எவ்வளவு அகலம் என்று கணக்கிடும் வழியை 1880-களின் தொடக்கத்தில் கண்டவர் ஜெர்மன் அறிஞர் ஹைன்ரிக் ஹெர்ட்ஸ். வானொலி அலைகளைக் கண்டறிந்தவராக நாம் அறிந்த அதே ஹெர்ட்ஸ்தான்!

மூக்கின் வளைவு ஆரம் 10 மி.மீ., மேட்டின் அகலம் 12 மி.மீ., சுமை நாம் முன்பு கண்ட 70 கிலோகிராம் எடை என்று கொள்வோம். ஹெர்ட்ஸின் கணக்குப்படி தொடும் பட்டையின் அகலம் சுமார் 0.16 மி.மீ. மட்டுமே. பரப்பு சுமார் 2 சதுர மி.மீ. அதாவது ஒரு சதுர மி.மீ.-க்கு 35 கிலோகிராம் எடை. வளிமண்டல அழுத்தத்தைப்போல் ஏறத்தாழ 3500 மடங்கு! உருண்டோடும் சக்கரம்போல் அல்லாமல், இந்த அழுத்தத்தோடு மேடு டாப்பெட்டின்மீது வழுக்கித் தேய்த்துக்கொண்டும் செல்கிறது.

இதைத் தாங்கச் செய்வதற்கு வடிவமைப்பாளர்கள் ஓர் அழகான உத்தியைக் கையாளுகிறார்கள். இத்தகைய எஞ்சின்களில் பொதுவாக டாப்பெட்டின் அடி முற்றிலும் தட்டையாக இராது. நடுவில் ஒரு மி.மீ.-இல் நூறில் சில பங்கு மட்டும் புடைத்திருக்கும். கேம் மேடும் அதற்கு நேர் நடுவில் படாமல் சற்று ஒதுங்கிப் படும். ஒதுங்கிய இடத்தில் தேய்ப்பதால் டாப்பெட் தன் அச்சில் மெதுவாகச் சுழன்றுகொண்டே இருக்கும். நடுவை விட்டு ஓரத்தில் கைவைத்துத் தள்ளினால் திரிகைக் கல் சுழல்கிறதல்லவா, அதுபோல. சுழல்வதால் ஒரே இடம் அடிபடாமல் தேய்மானம் அடி முழுதும் பங்கிடப்படுகிறது. எண்ணெயும் உள்ளே இழுக்கப்படுகிறது.

பழைய டாப்பெட்டின் நடுப்புடைப்பு பெரும்பாலும் தேய்ந்து போயிருக்கும். சிலவற்றில் குழியே விழுந்திருக்கும். அது தன் பழைய மேட்டுடன் ஒத்துப் படிந்த குழி. அதே மேட்டின்மீது அதே இடத்தில் மறுபடி வைத்தால் பெரும்பாலும் குற்றமில்லை. வேறொரு மேட்டின்மீது, அதிலும் இன்னும் படியாத புதிய மேட்டின்மீது வைத்தால், பட்டையின் முழு அகலத்திலும் தொடாமல் ஓரிரு முனைகளில் மட்டும் தொடும். சுமை அதே 70 கிலோகிராம். பரப்போ பல மடங்கு குறைவு. டாப்பெட் சுழல்வதும் நின்றுவிடும். எண்ணெய்ப் படலம் கிழிந்து இரும்பு இரும்போடு உரசும். மேட்டின் கடினமான மேல்தோல் போய்விட்டால் அடுத்த சில நாட்களில் மேடே கரைந்துவிடும். சித்தப்பாவின் காரில் நடந்தது இதுதான்.

ஆகவே விதி எளிது: பழைய கேம் என்றால் ஒவ்வொரு டாப்பெட்டும் இருந்த இடத்திற்கே திரும்பவேண்டும். புதிய கேம் என்றால் எட்டு டாப்பெட்டுகளும் புதியவையாக வேண்டும். நல்ல கேமில் புதிய டாப்பெட்டுகளைப் போடுவதால் தீங்கில்லை. புதிய கேமில் பழைய டாப்பெட்டுகளைப் போடுவதுதான் தீங்கு. ராக்கர், புஷ் ராடு இரண்டும் நல்ல நிலையில் இருந்தால் பழையவற்றையே அவற்றின் வரிசையில் பயன்படுத்தலாம். ஆனால் ஒவ்வொரு புஷ் ராடையும் கண்ணாடிப் பலகையின்மீது உருட்டிப் பாருங்கள். வளைந்தது துள்ளித் துள்ளி உருளும், அதைத் தள்ளிவிடவேண்டும்.

பற்சக்கரப் புள்ளிகள்

புதிய கேம் ஷாஃப்டை எஞ்சினுக்குள் செலுத்தும்போது மேடுகளுக்கும் டாப்பெட்டின் அடிகளுக்கும் மாலிப்டினம் டைசல்ஃபைடு கலந்த பசையைத் தாராளமாகத் தடவவேண்டும். எஞ்சின் முதலில் சுழலும் சில வினாடிகளில் எண்ணெய் வந்து சேர்ந்திருக்காது. அந்த இடைவேளையில் காப்பது இப்பசைதான்.

கேம் பற்சக்கரத்தில் கிராங்க் பற்சக்கரத்தைப்போல் இருமடங்கு பற்கள் உண்டு. இரண்டிலும் உள்ள குறிப்புள்ளிகள் ஒன்றையொன்று நோக்கும்படி சங்கிலியைப் பூட்டவேண்டும். ஒரு பல் தவறினால் என்ன ஆகும்? கேம் சக்கரத்தில் 40 பற்கள் என்று வைத்துக்கொண்டால், ஒரு பல் என்பது கேமில் 9 பாகை. கிராங்கில் 18 பாகை. வால்வுகள் எல்லாமே அந்த அளவு முந்தியோ பிந்தியோ திறக்கும். எஞ்சின் ஓடினாலும் இழுவை இராது.

ராக்கர்களைத் திரும்ப அமர்த்துதல்

இப்போது ராக்கர் தண்டின் முறை. தண்டு உட்குழிவானது. ஒரு தாங்கியின் வழியாக எண்ணெய் அதற்குள் ஏறி, சிறு துளைகளின் மூலம் ஒவ்வொரு ராக்கருக்கும் போகிறது. தண்டைத் தலைகீழாகத் திருப்பிவிட்டாலோ, எண்ணெய் வரும் தாங்கியை இடம் மாற்றிவிட்டாலோ துளைகள் அடைபட்டு ராக்கர்கள் எண்ணெயின்றி அரைபடும். பொருத்துமுன் துளைகளில் மெல்லிய கம்பி விட்டுத் தூர் எடுப்பது நல்லது.

தாங்கிகளை இறுக்கும்போது எட்டு வால்வுகளும் மூடியிருக்கும்படியான நிலை ஒன்று கிடையாது. கேம் எப்படி நின்றாலும் சில மேடுகள் தூக்கிக்கொண்டே இருக்கும். ஆதலால் முதலில் ராக்கர்களின் சரிசெய் திருகுகள் எட்டையும் நன்றாகத் தளர்த்திவிடவேண்டும். பின்பு ஒவ்வொரு புஷ் ராடும் கீழே டாப்பெட்டின் குழியிலும், மேலே திருகின் உருண்டை முனையிலும் அமர்ந்திருக்கிறதா என்று விரலால் ஆட்டிப் பார்க்கவேண்டும். குழிக்கு வெளியே ஓரத்தில் நிற்கும் புஷ் ராடு நட்டை இறுக்கியதும் வளைந்துவிடும். எல்லா நட்டுகளையும் நடுவிலிருந்து ஓரங்களை நோக்கி, ஒவ்வொரு சுற்றிலும் சிறிதளவே இறுக்கிக்கொண்டு வரவேண்டும். ஒரே பக்கம் முழுதாக இறுக்கினால் தண்டு வளையும்.

எவ்வளவு இறுக்குவது? நாம் ஸ்பேனரில் செலுத்தும் திருப்புவிசையில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பங்கை மரைகளின் உராய்வும் நட்டின் அடி உராய்வும் விழுங்கிவிடுகின்றன. பத்தில் ஒரு பங்குதான் போல்ட்டை இழுத்துப் பிடிக்கும் விசையாக மாறுகிறது. மரையில் துரு இருந்தால் உராய்வு கூடி, இந்தச் சிறு பங்கும் குறைந்துபோகும். 'நன்றாக இறுக்கிவிட்டோம்' என்று கை சொல்லும், நட்டு தளர்ந்திருக்கும். எனவே மரைகளைச் சுத்தம் செய்து, கையேடு சொல்லும் அளவுக்கு டார்க் ரென்ச்சால் இறுக்குவதே முறை.

இடைவெளி எதற்கு?

ராக்கரின் முனைக்கும் வால்வின் தலைக்கும் இடையே ஒரு மெல்லிய இடைவெளி விடுகிறார்கள். இந்த எஞ்சினுக்கு அது 0.015 அங்குலம், அதாவது 0.38 மி.மீ. தடித்த அட்டை ஒன்றின் கனம்தான். 'டக், டக்' ஓசைக்குக் காரணமே இந்த இடைவெளிதானே, அதை ஒழித்துவிட்டால் என்ன என்று கேட்கத் தோன்றும்.

10 செ.மீ. நீளமுள்ள எஃகு வால்வு ஒன்று 300 பாகை செல்சியஸ் அளவுக்குக் கூடுதலாகச் சூடேறினால் எவ்வளவு நீளும்? எஃகின் நீள் விரிவுக் குணகம் பாகைக்கு 0.000012. பெருக்கினால் 0.36 மி.மீ. நாம் விட்ட இடைவெளி அளவேதான்! உண்மையில் எஞ்சினின் தலையும் உடலும் விரிந்து ராக்கர் தண்டைச் சற்றே மேலே தூக்கும். ஆகவே இரண்டு விரிவுகளுக்கும் இடையேயான வேறுபாடுதான் கணக்கில் வரும். அந்த வேறுபாடு எஞ்சினுக்கு எஞ்சின் மாறும். சில கையேடுகள் எஞ்சின் சூடாக இருக்கும்போது அளக்கச் சொல்வதும், சில குளிர்ந்திருக்கும்போது அளக்கச் சொல்வதும் இதனால்தான்.

இடைவெளி இல்லாமற் போனால் வால்வு முழுதாக மூடாது. வெளியேற்றும் வால்வு தான் பெற்ற வெப்பத்தின் பெரும்பகுதியைத் தன் இருக்கையின்மீது அமரும் நேரத்தில்தான் இறக்கிவைக்கிறது. அமராத வால்வுக்கு இளைப்பாற வழியில்லை. அதன் விளிம்பைச் சுற்றி நெருப்பும் சீறிச் செல்லும். சில நாட்களில் விளிம்பு கருகித் துண்டு பெயரும். மாறாக இடைவெளி மிகுந்தால் ஓசை கூடும், வால்வு தாமதமாகத் திறந்து முன்னதாக மூடும், ராக்கர் சம்மட்டிபோல் அடிக்கும். ஓசை கூடினால் உடமையாளர் உடனே பட்டறைக்கு ஓடுகிறார். ஓசையே இல்லாவிட்டாலோ மகிழ்ந்து பேசாமல் இருக்கிறார். ஆனால் இரண்டில் ஆபத்து மிகுந்தது ஓசையின்மைதான். இத்தகைய எஞ்சினில் மெல்லிய, சீரான 'டிக் டிக்' ஓசை நலத்தின் அறிகுறி.

அளப்பதிலும் ஓர் ஏமாற்று உண்டு. பழைய ராக்கரின் முனையில் வால்வின் தலை பதிந்து ஒரு பள்ளம் ஏற்பட்டிருக்கலாம். ஃபீலர் கேஜின் தகடு நேரானது. பள்ளத்திற்குள் இறங்காமல் பாலம்போல் அதன் கரைகளின்மேல் கிடக்கும். பள்ளம் 0.1 மி.மீ. ஆழமாயின், கேஜ் 0.38 என்று காட்டும்போது உண்மை இடைவெளி 0.48 மி.மீ. 'கேஜ் வைத்துப் பார்த்தேன், சரியாகத்தான் இருக்கிறது, ஆனாலும் ஓசை நிற்கவில்லை' என்பதன் விடை பெரும்பாலும் இந்தப் பள்ளம்தான்.

ஒன்பதின் விதி

ஒரு வால்வின் இடைவெளியை அளக்க அதன் டாப்பெட் மேட்டின்மீது ஏறாமல் கேமின் வட்டமான முதுகின்மீது நிற்கவேண்டும். மூடிக்கிடக்கும் எஞ்சினுக்குள் அதை எப்படி அறிவது? இதற்கு மெக்கானிக்குகள் ஒரு வாய்ப்பாடு வைத்திருக்கிறார்கள்: எந்த வால்வு முழுதும் திறந்திருக்கிறதோ, அதன் எண்ணை 9-இலிருந்து கழி; வரும் எண்ணுள்ள வால்வைச் சரிசெய். 8 திறந்திருந்தால் 1-ஐ. 6 திறந்திருந்தால் 3-ஐ. 4 திறந்திருந்தால் 5-ஐ.

இது மந்திரமன்று. இவ்வெஞ்சினின் எரிவரிசை 1, 3, 4, 2. முதல் சிலிண்டருக்கும் நான்காவதற்கும் இடையே கிராங்க் சரியாக ஒரு முழுச் சுற்று வேறுபாடு. இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் அப்படியே. கிராங்கின் ஒரு சுற்று கேமுக்கு அரைச் சுற்று. எனவே நான்காம் சிலிண்டரின் வெளியேற்றும் வால்வை மேட்டின் மூக்கு தூக்கி நிற்கும் கணத்தில், முதல் சிலிண்டரின் அதே வகை வால்வுக்கு உரிய மூக்கு நேர் எதிர்ப்புறம் கீழே பார்த்திருக்கும். வால்வுகள் முன்னிருந்து பின்னாக வெளி, உள், உள், வெளி, வெளி, உள், உள், வெளி என்று நடுவில் கண்ணாடி வைத்ததுபோல் சமச்சீராக அமைந்திருக்கின்றன. ஆகவே இணையும் வால்வுகளின் எண்கள் எப்போதும் கூட்டி 9 ஆகின்றன. வரிசை வேறான எஞ்சினுக்கு இவ்விதி பொருந்தாது என்பதும் இதிலிருந்தே விளங்கும்.

திருகைச் சரிசெய்து லாக் நட்டை இறுக்கியபின் ஒருமுறை மீண்டும் அளப்பது கட்டாயம். நட்டை இறுக்கும்போது திருகும் சற்றே உடன் திரும்பும். திருகு ஒரு சுற்றுக்கு 1 மி.மீ. நகர்வதாகக் கொண்டால், பதினாறில் ஒரு சுற்று திரும்பினாலே புஷ் ராடு பக்கம் 0.06 மி.மீ.; நெம்புகோலின் பெருக்கத்தால் வால்வுப் பக்கம் 0.09 மி.மீ. மாறிவிடும்.

முதல் இருபது நிமிடம்

ஸ்டார்ட்டரைத் தொடுமுன், ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, கிராங்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றவேண்டும். இரண்டு சுற்றில் எட்டு வால்வுகளும் ஒவ்வொரு முறை திறந்து மூடிவிடும். எங்கேனும் முட்டினால் கையில் தெரியும்; மோட்டாருக்கு அந்த உணர்வு கிடையாது.

எஞ்சின் ஓடத் தொடங்கியதும் நாம் வழக்கமாகச் செய்வது என்ன? மெதுவாக ஓடவிட்டுக் காதால் கேட்பது. புதிய கேமுக்கு இது நஞ்சு. மேட்டின் மூக்கு டாப்பெட்டைக் கடக்கும் நேரத்தில், மேலே பாய்ந்துவரும் உறுப்புகளின் நிலைமத்தை அடக்கி அவற்றைத் திருப்புவது ஸ்பிரிங்கின் வேலை. வேகம் கூடும்போது ஸ்பிரிங் விசையின் ஒரு பகுதி இதிலேயே செலவாகி, மூக்கின்மீது விழும் சுமை குறைகிறது. வேகம் குறைவாயின் ஸ்பிரிங்கின் முழு விசையும் மூக்கின்மீதே அழுந்தும். அதோடு, மெதுவாகச் சுழலும் கிராங்க் கேமின்மீது எண்ணெயை வீசி இறைப்பதும் குறைவு. ஆகையால் புதிய கேம் பொருத்திய எஞ்சினை உடனடியாக நிமிடத்திற்கு 2000 சுற்று அளவில் வைத்து, சற்றே ஏற்றி இறக்கியவாறு இருபது நிமிடம் ஓட்டவேண்டும். மேடும் டாப்பெட்டும் ஒன்றுக்கொன்று படிந்து ஜோடியாவது இந்த இருபது நிமிடத்தில்தான். தண்ணீர், பெட்ரோல், தீப்பொறி நேரம் எல்லாவற்றையும் முன்பே சரிபார்த்துக்கொண்டால் இடையில் நிறுத்த நேராது.

எண்ணெயிலும் கவனம் வேண்டும். துத்தநாகமும் பாஸ்பரசும் கலந்த ஒரு சேர்மம் எண்ணெயில் இருந்து, மேடுகளின்மேல் ஒரு காப்புப் படலத்தை உண்டாக்குகிறது. புகைக் குழாயில் உள்ள வினையூக்கி மாற்றியைப் பாஸ்பரஸ் கெடுப்பதால், இக்காலக் கார்களுக்கான மெல்லிய எண்ணெய்களில் இதன் அளவைக் குறைத்துவிட்டார்கள். பழைய எஞ்சினுக்கு, இச்சேர்மம் போதிய அளவு உள்ள எண்ணெயையே கேட்டு வாங்கவேண்டும்.

இன்றைய கார்களில்

இன்றைய கார்கள் பலவற்றில் கேம் ஷாஃப்ட் தலையிலேயே இருக்கிறது. புஷ் ராடு இல்லை. சிலவற்றில் எண்ணெய் அழுத்தத்தால் இடைவெளியைத் தானே சரிசெய்துகொள்ளும் அமைப்பும் உண்டு. மேடும் டாப்பெட்டும் வழுக்காமல் உருளும்படி சிறு உருளைகள் வைத்தவையும் உண்டு. ஆயினும் நம் ஊர்ச் சாலைகளில் ஓடும் மோட்டார் சைக்கிள்கள் பலவற்றில் ராக்கரும் திருகும் இடைவெளியும் இன்னும் இருக்கின்றன. வயல்வெளி டீசல் எஞ்சின்களிலும் டிராக்டர்களிலும் புஷ் ராடும் இருக்கிறது. அளவுகள் மாறலாம், இயற்பியல் மாறாது.

அன்று முதிய மெக்கானிக் வேலையை முடிக்க இரண்டு நாள் எடுத்துக்கொண்டார். முதல் பட்டறை அரை நாளில் முடித்த வேலை. சித்தப்பா முதலில் முணுமுணுத்தார். பிறகு அந்தக் கேம் ஷாஃப்டோடு அடுத்த ஆறு ஆண்டுகள் வண்டி ஓட்டினார். வளையல்களும் ஆடி மாதத்திற்குள் திரும்பி வந்தன. எட்டுத் துளை போட்ட அந்தக் காலண்டர் அட்டையை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். நெம்புகோல் பாடம் நடத்தும் நாளில் இன்றும் அதை வகுப்பிற்கு எடுத்துச் செல்கிறேன். அடுத்த முறை பட்டறையில் உங்கள் வண்டியின் எஞ்சினைப் பிரித்தால் அருகில் நின்று பாருங்கள். கழற்றிய உறுப்புகள் ஒரே டப்பாவில் விழுகின்றனவா, எண்ணிட்டு வரிசையாக வைக்கப்படுகின்றனவா? எஞ்சினின் ஆயுளை அங்கேயே கணித்துவிடலாம்.